துருசுக்காரர் கீறிய சேற்றுக் கொம்பன்

பாலையடிக்குளத்துக் குடியேற்றத்தில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. நாற்பத்திரண்டு பேருடைய வயலுக்கும் தண்ணீர் விடும் மதகான துருசின் திறப்பு வீரகத்தியின் அரைஞாணில் தொங்கியது. குளக்கட்டில் ஏறி, அந்தத் திறப்பால் ஆமைப்பூட்டைத் திறந்து, இரும்புச் சக்கரத்தைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால், கீழே வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டு பாயும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தீர்மானிப்பவர் நீர்ப்பாசன ஓவசியர். சுற்றுவது மட்டும்தான் வீரகத்தியின் வேலை. ஆனாலும் சனங்கள் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் தண்ணீருக்கு நாள் குறித்தார்கள். அவர் காலையில் சிரித்துக்கொண்டு போனால், "இண்டைக்கு விடப்போறார் போலை கிடக்கு" என்று யாராவது மண்வெட்டியைத் தேடத் தொடங்குவார்கள்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒரு படக்கதைத் தாளை ஒட்டுவார். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அதைப் படிப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் வாசித்துச் சொல்வார்.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது யாழ்ப்பாணத்தில், ஒரு சலூனில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சுருட்டுக் கொட்டிலில் வேலைசெய்த காலம் அது. அந்தச் சலூனில் யாரோ கப்பல்காரர் விட்டுப்போன ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள் கிடந்தன. உடம்போடு ஒட்டிய உடுப்புப் போட்ட மனிதர்கள் அவற்றில் பறந்தார்கள், ரயிலைத் தூக்கினார்கள், மதிலை உடைத்தார்கள். வீரகத்திக்கு ஆங்கிலம் தெரியாது. படங்களைப் பார்த்துத் தானே கதையைக் கட்டிக்கொள்வார். தலைமயிர் வளருகிற வேகத்தைவிட அடிக்கடி சலூனுக்குப் போனார் என்று அவருடைய மனைவி அன்னபாக்கியம் இன்றைக்கும் சொல்லுவார். கலியாண நாளில் மாப்பிள்ளைக்குத் தலையில் பூ வைக்க இடமில்லாமல் இருந்ததாம்.

1956இல் இருவரும் காணி கிடைத்து வன்னிக்கு வந்தார்கள். ஆறு வருடம் காடு வெட்டுவதிலும் வரம்பு கட்டுவதிலும் போனது. 1962இல் வாய்க்காலுக்குப் பாலம் கட்டினார்கள். வேலை முடிந்ததும் சீமெந்துப் பைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. ஒரு பையை உரித்தால் நாலு தாள். வெளித்தாளில் சீமெந்து ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பவை நல்ல அகலமான, பழுப்பு நிறமான, கிழியாத தாள்கள். அவற்றைக் கண்ட அன்று வீரகத்திக்குச் சோறு இறங்கவில்லை. விளக்குப் புகைக்கரியில் விளாம்பிசினைக் குழைத்துக் கறுப்பு மை செய்தார். சலவை நீலம் வானத்துக்கு. மஞ்சள் தூள் வெயிலுக்கு. ஈர்க்கை நுனியில் தட்டித் தூரிகை ஆக்கினார். கஞ்சிப்பசை போட்டு ஒட்டினார். சங்கக்கடை மனேச்சர் தில்லைநாதன் முதலில் சுவர் பழுதாகும் என்றார். பிறகு, படம் பார்க்கிற சனங்கள் வரிசையில் சண்டை பிடிப்பதில்லை என்று கண்டு சும்மா இருந்துவிட்டார்.

முதல் கதையின் நாயகன் பெயர் ஆகாயராசன். அவன் பறந்தான். ஒரு குத்தில் மலையை உடைத்தான். இன்னொரு குத்தில் கப்பலைக் கவிழ்த்தான். முதல் இரண்டு கிழமை சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். மூன்றாம் கிழமை தலையாட்டினார்கள். ஐந்தாம் கிழமை, வாய்க்காலின் நடுப்பகுதியில் காணி வைத்திருக்கும் இரஞ்சிதம், தன்னுடைய ஓலைக் கடகத்தை ஆகாயராசனின் முகத்தில் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டார்.

வீரகத்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் யாகப்பு நின்றான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவன் அவன். கிழமையில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வருவான். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான்.

"அண்ணை, கோவியாதேங்கோ" என்றான் யாகப்பு. "உங்கட ஆள் ஒருக்காலும் அடி வாங்கிறானில்லை."

"அவன் வீரன் எல்லோ."

"அதுதான் பிழை. நான் விடியக் கரையிலை நிண்டு வள்ளம் வருமோ வராதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறனான். கட்டாயம் வரும் எண்டு தெரிஞ்சால் நிப்பனே? வீட்டிலை இழுத்துப் போத்துக்கொண்டு படுப்பன்."

இந்த வார்த்தை வீரகத்தியின் மனதில் முள்போலத் தைத்தது. வயலுக்குப் போனார், வேலை செய்தார், வரம்பில் வந்து குந்தினார். காலில் ஒட்டியிருந்த சேறு வெயிலில் காய்ந்து வெளிறி, வெடித்து, செதில் செதிலாக விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வீட்டுக்கு ஓடினார். மண்வெட்டி வரம்பிலேயே கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சுவரில் சேற்றுக் கொம்பன் வந்தான்.

அவன் ஒரு வயற்காவற்காரன். குளத்துச் சேற்றில் புதைந்துபோன யானைக்கன்று ஒன்றை இழுத்துக் கரையேற்றுகிறான். தாய் யானை வந்து, தும்பிக்கையால் சேற்றை அள்ளி அவன் காலில் பூசிவிட்டுப் போகிறது. அன்றிலிருந்து காலில் ஈரச்சேறு இருக்கும்வரை அவனுக்கு ஒரு கொம்பன் யானையின் பலம். நாலு மைலுக்கு அப்பால் நடக்கிற காலடியையும் நிலத்தில் காது வைத்துக் கேட்டுவிடுவான். சேறு காய்ந்து உதிர்ந்தால் அவனும் மற்றவர்களைப் போல ஒரு மெலிந்த மனிதன், நெஞ்சு எலும்பு தெரிய நிற்பான்.

அன்று வரிசை நகரவில்லை. தில்லைநாதன் உள்ளே இருந்து, "அடுத்த ஆள், அடுத்த ஆள்" என்று கத்திக்கொண்டிருந்தார். சேற்றை நம்பி வாழ்கிற சனங்களுக்குச் சேற்றால் ஒரு வீரன் கிடைத்திருக்கிறான். வாய்க்கால் கடைசியில் காணி உள்ள சின்னராசா நெடிய மனிதர், பெரிய பாதக்காரர். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ர கால்" என்றார்.

"உம்மட கால் எண்டால் விரல் இவ்வளவு நேராயே கிடக்கும்?" என்றார் இரஞ்சிதம். கடகம் அன்று அவருடைய இடுப்பிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வீரகத்தி தனக்கென்று சில முறைகளை வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை பின்னேரம் அன்னபாக்கியம் முற்றத்தில் அரிசி புடைப்பார். வீரகத்தி எதிரில் குந்திக்கொண்டு தாளைப் பிடித்து, படம் படமாகக் கதை சொல்லுவார். சுளகு நிற்காமல் ஆடினால் அந்தப் படத்தை மாற்ற வேண்டும். கடைசிப் படத்துக்குச் சுளகு அந்தரத்தில் நின்றே ஆகவேண்டும். அந்தக் கடைசிப் படத்தைத் தாளின் கீழ் மூலையில், முழங்கால் உயரத்தில் கீறுவார். பார்க்க விரும்புகிறவர்கள் குனிய வேண்டும். தூரத்தில் பாலைமரத்தடியில் நின்றே குனிந்த முதுகுகளை எண்ணி, அந்தக் கிழமைக் கதை எப்படி என்று அவர் அறிந்துகொள்வார்.

பழைய தாளை யாகப்பு உரித்துச் சுருட்டிக்கொண்டு போவான். அது கரையில் மீன்வாடிச் சுவரில் ஏறும். அங்கேயிருந்து கேள்விகள் சைக்கிளில் திரும்பி வரும்.

"வாடிச் சூசையம்மா கேக்கச் சொன்னவா" என்பான் யாகப்பு. "உங்கட ஆள் கடலுக்குள்ளை இறங்கினால் சேறு கழுவுப்படாதோ?"

"கழுவுப்படும்."

"அப்ப கடல் பக்கம் வராதையுங்கோ எண்டு அவனிட்டைச் சொல்லட்டாம்."

ஒருநாள் ஓவசியர் மோட்டார்சைக்கிளில் வந்து துருசடியில் இறங்கினார். குளத்து நீர்மட்டம் பதிகிற இலாகாப் புத்தகத்தை விரித்தார். மாசி பன்னிரண்டாம் திகதி, பதினொரு அடி நாலு அங்குலம் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், காலில் சேற்றோடு ஒரு மனிதன் பாய்ந்துகொண்டிருந்தான்.

"வீரகத்தி, ஆர் இது?"

"அது… அளவு பாக்கேக்கை கை சும்மா நிக்கேல்லை, ஐயா."

ஓவசியர் சிரிக்கவில்லை. "கேளும். உம்மட கையிலை துருசுத் திறப்புக் கிடக்கு. நீர் என்ன சொன்னாலும் சனம் தண்ணிக் கதை எண்டுதான் எடுக்கும். உம்மட தாளாலை தண்ணி விசயத்திலை ஒரு குழப்பம் வந்தால், அண்டைக்கே அதைச் சுவரிலை இருந்து கிழிச்சுப்போடுவன். பிறகு நீர் ஒரு கோடும் கீறேலாது. விளங்குதோ?"

"விளங்குது ஐயா."

அன்றிரவு வீரகத்தி இதை அன்னபாக்கியத்திடம் சொன்னார். "இஞ்சாருங்கோ," என்றார் அவர், "உந்தக் கொம்பனை நிப்பாட்டினால் நீங்கள் என்ன செய்வியள்?"

"வேலை செய்வன், சாப்பிடுவன்."

"அது முந்தியும் செய்தனீங்கள்தானே. அப்ப உங்கட முகத்தைப் பாக்கேலாது."

1963ஆம் ஆண்டு சித்திரை பிறந்தது. சிறுபோகத்துக்கு வயலை உழுது வைத்துவிட்டுச் சனங்கள் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். ஓவசியரோ, வாய்க்காலைத் துப்புரவாக்காமல் ஒரு சொட்டும் விடமாட்டேன் என்று நின்றார். போன மாரி அள்ளிவந்த வண்டலும் புல்லும் வாய்க்காலை மூடிக் கிடந்தன. வழக்கப்படி அவரவர் காணிக்கு முன்னால் உள்ள பங்கை அவரவர் வெட்ட வேண்டும். கடைசிக் காணிக்காரர், துருசுக்குக் கிட்டத் தலைப்பில் உள்ளவர்கள் முதலில் தொடங்கட்டும் என்றார்கள். தலைப்புக்காரர், எங்களுக்குத்தான் வெட்டாமலே தண்ணி வருமே என்றார்கள். நடுவில் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். ஓவசியர் மூன்று முறை நாள் குறித்தார். மூன்று முறையும் அவரும் வீரகத்தியும் இரண்டு மாடுகளும்தான் வாய்க்காலில் நின்றார்கள்.

இதே நேரத்தில் சேற்றுக் கொம்பனும் பெரிய ஆபத்தில் மாட்டிக்கொண்டான். கண்ணாடிச் சூரன் என்று ஒரு எதிரியை வீரகத்தி உண்டாக்கியிருந்தார். அவனுடைய மார்பில் மாட்டுவண்டிச் சில்லு அளவு வட்டக் கண்ணாடி. வெயிலை அதில் பிடித்து எறிந்தால் குளமும் வற்றும். அவன் கொம்பனைப் பிடித்துப் பாறையில் சங்கிலியால் கட்டிவிட்டு, கண்ணாடியைக் காலுக்கு நேரே திருப்பினான். சேறு காய்கிறது, வெடிக்கிறது, உதிர்கிறது. ஒரு குதிக்காலில் மட்டும் கொஞ்சம் ஈரம் மிச்சம். கடைசிப் படத்தின் கீழே வீரகத்தி பெரிய எழுத்தில் எழுதினார்: "வரும் வெள்ளிக்கிழமை விடியத் துருசு திறபடும். அதுவரை குதிக்கால் சேறு தாங்குமா?"

வெள்ளிக்கிழமை என்று எழுதியதற்கு ஒரே காரணம், அடுத்த தாள் வெள்ளிக்கிழமைதான் வரும். அன்னபாக்கியத்தின் சுளகு அந்தரத்தில் நின்றது. அரிசி கொஞ்சம் கொட்டுப்பட்டது. வீரகத்திக்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை தாள் ஏறியது. பாலைமரத்தடியில் நின்று பார்த்தார். குனிந்த முதுகுகள் குனிந்தபடியே நின்றன. நிமிர்ந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரிசியை வாங்கிக்கொண்டு விறுவிறு என்று போனார்கள். இப்படியொரு வெற்றி தனக்கு இதுவரை கிடைத்ததில்லை என்று வீரகத்தி நினைத்தார்.

அந்தக் கிழமை முழுவதும் சனங்கள் அவரைக் கண்டால் சிரித்தார்கள். ஒரு வீட்டிலிருந்து முருங்கைக்காய் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து தயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வழியில் சின்னராசா சைக்கிளை நிறுத்தி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"அண்ணை, எனக்கு விளங்கிட்டுது."

வீரகத்தி சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றார். ஏனென்றால் கொம்பன் எப்படித் தப்புவான் என்று அவருக்கே தெரியாது. கட்டிவைத்த பிறகுதான் அவிழ்க்க வழியில்லை என்று கண்டார். மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன விளங்கினது? சொல்லும் பாப்பம்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லன்."

"எனக்காவது சொல்லும் காணும்."

"உங்களுக்கோ?" சின்னராசா வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்ல கள்ளன் அண்ணை நீங்கள்." சைக்கிள் போய்விட்டது. படிப்பில்லாத மனிதன் முடிவைக் கண்டுபிடித்துவிட்டான், கதையைக் கீறிய தனக்குத் தெரியவில்லையே என்று வீரகத்தி அன்றைக்கு முழுவதும் வெந்துகொண்டிருந்தார்.

வியாழன் வந்தது. தாள் வெறுமையாகக் கிடந்தது. சங்கிலி துருப்பிடித்து அறுந்தது என்று சொல்லிப் பார்த்தார், சுளகு ஆடியது. மழை பெய்தது என்றார். சுளகு வேகமாக ஆடியது. "சித்திரையிலை மழையோ?" என்று மட்டும் கேட்டார் அன்னபாக்கியம்.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கிற நேரம், வழக்கம்போல நீர்மட்டம் பார்க்கக் குளக்கட்டில் ஏறிய வீரகத்தி அப்படியே நின்றார். துருசைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். எல்லாருடைய தோளிலும் மண்வெட்டி. வேட்டியும் சீலையும் முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தன. கடைசிக் காணிக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்கள். முதல் தண்ணீர் விடும்போது அவர்கள் துருசடியிலிருந்து தண்ணீரின் தலையோடு கூடவே நடந்து தங்கள் வயலுக்குப் போவார்கள். அப்படிக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் வழியில் யாராவது வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள் என்று பயம்.

"வாங்கோ அண்ணை" என்றார் சின்னராசா. "நேரத்துக்கே வந்திட்டியள். திறவுங்கோ."

"என்னத்தை?"

"துருசை."

"ஆர் சொன்னது?"

"நீர்தானே சொன்னனீர்" என்றார் இரஞ்சிதம். "வெள்ளிக்கிழமை விடியத் துருசு திறபடும் எண்டு இவ்வளவு பெரிய எழுத்திலை எழுதிக் கிடக்கு. ஓவசியர் வாயாலை சொல்ல ஏலாமல் உம்மைக்கொண்டு எழுதுவிச்சவர் எண்டு நாங்கள் விளங்கிக்கொண்டம்."

வீரகத்திக்கு முருங்கைக்காயும் விளங்கியது, தயிரும் விளங்கியது. "அது கதைத் துருசு, அக்கா" என்றார். "இந்தத் துருசு இல்லை."

பின்னால் நின்ற ஒருவர் மண்வெட்டியை மெல்ல இறக்கி வைத்தார். "நான் விடியச் சாமம் எழும்பினனான்" என்றார் இன்னொருவர். "நான் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார் மற்றவர். மாமியாரும் அங்கே மண்வெட்டியோடுதான் நின்றார்.

அப்போது பாலத்தடியில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

வீரகத்தி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் விசயத்தில் ஒரு குழப்பம் வந்தால் தாளைக் கிழிப்பேன் என்று சொன்னவர் வந்துகொண்டிருந்தார். இதைவிடப் பெரிய குழப்பம் இந்தக் குளம் கட்டிய நாளிலிருந்து நடந்ததில்லை. இனி வெள்ளிக்கிழமை இல்லை, சுளகு இல்லை, குனிந்த முதுகும் இல்லை. கொம்பன் பாறையில் கட்டுண்டபடியே கிடக்கப் போகிறான்.

ஓவசியர் இறங்கினார். நாற்பது மண்வெட்டியையும் பார்த்தார்.

"என்ன கூட்டம் இது? ஆர் வரச்சொன்னது?"

சின்னராசா நிலத்தைப் பார்த்தார். படம் பார்த்து ஏமாந்தோம் என்று யாரால் சொல்ல முடியும்? மாமியாரைக் கூட்டிவந்தவர் அந்த மாமியாருக்குப் பின்னாலேயே மறைந்தார்.

"நீங்கள்தான் ஐயா" என்றார் இரஞ்சிதம்.

"நானோ?"

"வாய்க்கால் துப்புரவாக்க வரச்சொல்லி மூண்டுதரம் சொன்னனீங்கள் எல்லே. வந்திருக்கிறம்."

நாற்பது தலைகளும் சட்டென்று திரும்பி இரஞ்சிதத்தைப் பார்த்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஓவசியரின் பக்கம் திரும்பி, ஓம் என்று ஆடின.

"நாற்பது பேரும்? ஒரே நாளிலையோ?"

"ஒற்றுமையா வருவம் எண்டு கதைச்சனாங்கள்" என்றார் சின்னராசா.

"நல்ல விசயம்" என்றார் ஓவசியர். தொப்பியைக் கழற்றிவிட்டு, கட்டின்மேல் ஒரு கல்லில் வசதியாக உட்கார்ந்தார். "தொடங்குங்கோ. நான் இருந்து பாக்கிறன்."

இனி வேறு வழி இல்லை. இறங்கினார்கள்.

"உம்மட வாய்க்கு என்ன வேலை?" என்று சின்னராசா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "பாலத்திலை ஓட்டை, பாக்க வந்தனாங்கள் எண்டு சொல்லியிருக்கலாமே."

"பேசாமல் வெட்டும்" என்றார் இரஞ்சிதம். "அன்னபாக்கியம் சொன்னமாதிரி ஓவசியர் தாளைக் கிழிச்சுப் போட்டால் கொம்பன் பாறையிலை கிடந்து காயிறதே? பிறகு என்னெண்டு அறியிறது?"

அவரவர் பங்கு என்ற பேச்சு அன்று எடுபடவில்லை. ஓவசியர் பார்த்துக்கொண்டிருக்க, தலைப்பிலிருந்து எல்லாரும் ஒன்றாக வெட்டத் தொடங்கினார்கள். முதல் அரைமணி நேரம் முகங்கள் உர்ரென்று இருந்தன. பிறகு மாமியார் யாரோ ஒருவரின் வெட்டைப் பார்த்து, "உது மண்வெட்டியோ, கரண்டியோ?" என்று கேட்டார். அங்கே தொடங்கிய சிரிப்பு வாய்க்கால் வழியே கீழே போனது. யாகப்பு மீனோடு வந்தவன், சைக்கிளைச் சாத்திவிட்டுத் தானும் இறங்கினான். சங்கக்கடையில் தில்லைநாதன் கூப்பன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தனியே இருந்தார். ஊர் முழுக்க எங்கேயோ போய்விட்டது என்று பயந்து, கடையைப் பூட்டிக்கொண்டு தேடி வந்தார். அவருக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள்.

துருசின் கசிவால் வாய்க்கால் அடியில் எப்போதும் ஈரம் இருக்கும். மேலே காய்ந்த வண்டலை வெட்டி எடுத்தால் கீழே கறுத்த சேறு. ஆழமான இடத்தில் நின்றவர் அள்ளிக் கொடுக்க, பக்கத்தில் நின்றவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுக்க, அது கைமாறிக் கரைக்குப் போனது. வீரகத்தியும் அந்த வரிசையில்தான் நின்றார். சின்னராசா வீசிய ஒரு கட்டி குறிதவறி வந்து அவருடைய காலில் பொத்தென்று விழுந்தது.

வீரகத்தி குனிந்து பார்த்தார். ஈரச்சேறு குதிக்கால்வரை வழிந்தது. நிமிர்ந்து வாய்க்காலின் நீளத்தைப் பார்த்தார். கை, அதற்கு அப்பால் கை, அதற்கு அப்பாலும் கை.

"என்ன அண்ணை, நொந்திட்டுதோ?" என்றார் சின்னராசா.

"இல்லை" என்றார் வீரகத்தி. "இன்னொண்டு எறியும்."

வெயில் உச்சிக்கு வர, கடைசிக் காணிவரை வாய்க்கால் துப்புரவாகிவிட்டது. ஓவசியர் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்து, "திறவும்" என்றார். வீரகத்தி பூட்டைத் திறந்து சக்கரத்தைச் சுற்றினார். பன்னிரண்டு சுற்றையும் சனங்கள் உரத்து எண்ணினார்கள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு கிளம்பியது. சின்னராசாவும் கடைசிக் காணிக்காரர்களும் அதன் தலையோடு நடந்தார்கள். மற்ற நாள் என்றால் வழி முழுக்கச் சந்தேகமும் பேச்சுமாக இருக்கும். அன்று எல்லாருக்கும் களைப்பு. ஒருவரும் வரம்பில் கை வைக்கவில்லை.

ஓவசியரும் வீரகத்தியும் துருசடியில் தனியே நின்றார்கள்.

"வீரகத்தி."

"ஐயா."

"சங்கக்கடையிலை வெத்திலை வாங்கப் போனனான். தாளை வாசிச்சனான். எப்ப தெரியுமே? போன வெள்ளிக்கிழமை."

ஓவசியர் இன்று விடியவே ஏன் வந்தார் என்று வீரகத்திக்கு இப்போது விளங்கியது.

"இனிமேல் நாள், கிழமை ஒண்டும் எழுதக் கூடாது" என்றார் ஓவசியர். தொப்பியைப் போட்டுக்கொண்டார். மோட்டார்சைக்கிள்வரை போய்த் திரும்பினார். "இன்னொண்டு. கண்ணாடியை உடைச்சு அவனைத் தப்பவைக்காதையும். அது லேசான வழி. ஆக்கள் ஏமாறுவினம்."

"உடைக்கமாட்டன் ஐயா" என்றார் வீரகத்தி. "வேறை வழி கிடக்கு."

ஓவசியர் என்ன வழி என்று கேட்க வாயெடுத்தார். பிறகு கேட்காமலே போனார்.

அன்று பின்னேரம் அன்னபாக்கியம் சுளகை எடுக்கவே இல்லை. பக்கத்தில் குந்தியிருந்து மை குழைத்துக் கொடுத்தார்.

கூப்பன் அரிசி அந்தக் கிழமை சனிக்கிழமைதான் கொடுபட்டது. விடிய முன்னரே வரிசை பாதை வரைக்கும் வந்துவிட்டது. தாளின் நடுவில், மேலிருந்து கீழாக, ஒரு நீண்ட வாய்க்கால். அதில் நாற்பது பேர் வரிசையாக நின்று, உள்ளங்கை உள்ளங்கையாகச் சேற்றைக் கைமாற்றுகிறார்கள். கண்ணாடிச் சூரன் ஒரு கையைச் சுட்டால் அடுத்த கை வாங்குகிறது. எல்லாக் கைகளையும் சுட அவனிடம் ஒரு கண்ணாடிதான் இருக்கிறது. கடைசிப் பிடி, ஒரு கிழவி கையால் குதிக்காலில் விழுகிறது. கொம்பன் எழும்புகிறான். சங்கிலி தெறிக்கிறது.

எல்லாரும் ஒரே நேரத்தில் தங்களைத் தேடத் தொடங்கினார்கள்.

"இது நான்."

"தள்ளும், அது நான். பார், தலைப்பாகையை."

"என்ர மண்வெட்டிப் பிடி இவ்வளவு கட்டையோ?" என்றார் சின்னராசா.

"பிடி கட்டையில்லை, உம்மட கை நீளம்" என்றார் இரஞ்சிதம். தன்னைக் கண்டுபிடித்து விரலால் தொட்டார். "என்ர சீலையிலை ஏன் இவ்வளவு சேறு?"

"அண்டைக்கு இருந்ததுதானே, அக்கா" என்றார் வீரகத்தி.

"இருந்தது. அதைக் கீறவும் வேணுமோ?" சொல்லிவிட்டு, கடகத்தைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, மறுபடியும் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியாருக்கு யாரோ அந்தக் கடைசிப் பிடியைக் காட்டிக் கொடுத்தார்கள். அன்று அரிசி வாங்க அவருக்கு எல்லாரும் வழிவிட்டார்கள்.

யாகப்பு தாளை முன்கூட்டியே தரும்படி கேட்டுப் பார்த்தான். கொம்பன் தப்புவானா மாட்டானா என்று வாடியில் சூசையம்மாவும் மற்றவர்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாக்குவாதப்படுகிறார்களாம். ஒரு கிழமை பொறுக்கும்படி வீரகத்தி சொல்லிவிட்டார். "அப்ப நானும் சொல்லன்" என்றான் யாகப்பு. "என்னைச் சுத்திச் சுத்தி வரட்டும்."

தாளின் கீழ் மூலையில், முழங்கால் உயரத்தில், ஓவசியர் சொன்னபடி நாளும் இல்லை, கிழமையும் இல்லை. சேற்றுக் கொம்பன் குளக்கட்டில் குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்திருக்கிறான். கட்டுக்கு அடியில் ஏதோ மெதுவாக நகர்கிறது. அவ்வளவுதான். இதில் யாரும் எந்தக் குழப்பமும் காண முடியாது என்று வீரகத்தி நிம்மதியாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அவர் நீர்மட்டம் பார்க்கப் போனார். கட்டின்மேல், பாலைமரத்துக்கும் துருசுக்கும் இடையில், சின்னராசாவும் தில்லைநாதனும் இன்னும் மூன்று பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். ஐந்து பேருடைய காதும் மண்ணில் இருந்தது.

வீரகத்தியைக் கண்டதும் சின்னராசா விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடவேண்டாம் என்று காட்டினார்.